சபை மடல் பொறுப்பு உங்கள் கைக்கு வந்திருக்கிறதா? முதல் இதழுக்கு முன் ஒரு வழிகாட்டி

ஆராதனை முடிந்து வாசலில் கைகொடுக்கும்போது ஆயர் மெதுவாகக் கேட்பார்: "அடுத்த மாதத்திலிருந்து சபை மடலை நீங்கள் கவனித்துக்கொள்ள முடியுமா?" பெரும்பாலும் இப்படித்தான் இந்தப் பொறுப்பு ஒருவர் கைக்கு வந்து சேருகிறது. நாலைந்து பழைய இதழ்கள் தருவார்கள். கடைசித் தேதி எது என்று சொல்வார்கள். அதற்குமேல் யாரும் எதுவும் சொல்லித்தருவதில்லை.

ஆங்கிலிக்கன் சபையில், அதிலும் நற்செய்தியை மையமாக வைத்து நடக்கும் இவாஞ்சலிக்கல் சபைகளில், புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பல வருடங்களாக இதைச் செய்துவருகிறேன். செய்யச் செய்ய இதன்மேல் எனக்குப் பிரியம் கூடிக்கொண்டேதான் போகிறது.

தொடங்குமுன் ஒரு வேதப்பகுதி

முதல் தெசலோனிக்கேயர் 3-ஆம் அதிகாரத்தை உட்கார்ந்து நிதானமாக வாசியுங்கள். தெசலோனிக்கேயா சபை என்ன ஆயிற்றோ என்று பவுல் தவித்துக்கொண்டிருக்கிறார். அங்கே போய்விட்டுத் திரும்பிய தீமோத்தேயு, அவர்களுடைய விசுவாசத்தையும் அன்பையும் பற்றி நல்ல செய்தி கொண்டுவருகிறார். அந்த இடத்தில் கிரேக்க மூலத்தில் வருவது, இயேசுவின் நற்செய்தியை அறிவிப்பதற்குப் பவுல் வழக்கமாகப் பயன்படுத்தும் அதே வினைச்சொல். ஒரு சபை விசுவாசத்தில் நிலைத்து நிற்கிறது என்ற சேதிக்கே அவர் அந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டார்! அடுத்த வரிகளில், நீங்கள் கர்த்தருக்குள் நிலைத்திருந்தால் நாங்கள் பிழைப்போம் என்கிறார்.

உங்கள் மடலின் வேலை தீமோத்தேயுவின் வேலைதான். போய்ப் பார்த்து, கண்டதை உள்ளபடி வந்து சொல்வது. திரும்பி வந்த தீமோத்தேயு பவுலுக்கு உற்சாகமூட்ட முயற்சி செய்ததாக அங்கே எழுதப்படவில்லை. கண்டதைச் சொன்னார், பவுலுக்கு உயிர் வந்தது. "ஊக்கமூட்டுகிற மாதிரி எழுதுங்கள்" என்று உங்களிடம் நிறையப் பேர் சொல்வார்கள். நான் சொல்வது வேறு. நடந்ததைத் துல்லியமாக எழுதுங்கள், ஊக்கம் அதிலிருந்தே வரும்.

முதல் படி: பழைய இதழ்களை நான்கு வண்ணத்தில் குறித்துப் பாருங்கள்

கடந்த ஒரு வருட இதழ்களையும் நான்கு வண்ணப் பேனாக்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். வரலாற்றாசிரியர் டேவிட் பெபிங்டன் 1989-இல் இவாஞ்சலிக்கல் மரபுக்கு நான்கு அடையாளங்களைச் சொன்னார்: வேதாகமத்தின்மேல் உள்ள பற்று, கிறிஸ்துவின் சிலுவையே மையம் என்ற உறுதி, மனந்திரும்பிய வாழ்க்கை, விசுவாசம் செயலாக வெளிப்படுவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணம் வைத்து, எந்தச் செய்தி எதைக் காட்டுகிறதோ அந்த வண்ணத்தில் அடிக்கோடு போடுங்கள்.

நான் முதன்முதலில் இதைச் செய்தபோது, பக்கம் முழுக்க ஒரே வண்ணம். எல்லாம் செயல். முகாம் நடந்தது, கூட்டம் நடந்தது, கட்டட வேலை நடந்தது, அடுத்த மாதம் இன்ன கூட்டம் நடக்கும். வேதாகமத்தை வாசித்ததால் ஒருவருக்கு என்ன ஆயிற்று என்று ஒரு வரி கிடையாது. சிலுவை என்ற சொல் பெரிய வெள்ளி அறிவிப்பில் மட்டும் இருந்தது. அந்த வருடம் சபையில் மனந்திரும்புதலே நடக்கவில்லையா என்றால், நடந்தது. நான்தான் அதை எழுதவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு இதழையும் அச்சுக்கு அனுப்புமுன் அந்த நான்கு வண்ணத்தையும் தேடிப் பார்க்கிறேன். குறைந்தது மூன்று வண்ணம் இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறேன். ஒன்றுதான் இருக்கிறது என்றால் திரும்பவும் போய் ஆட்களிடம் பேசுகிறேன்.

இந்த வேலையோடு உங்கள் சபை எதை விசுவாசிக்கிறது என்பதையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள். 1662-ஆம் வருடத்துப் பொது ஜெபப் புத்தகமும், 1571-இல் இறுதி வடிவம் பெற்ற முப்பத்தொன்பது விசுவாசப் பிரமாணங்களும் இந்த மரபின் எலும்புக்கூடு. முழுவதும் மனப்பாடமாக வேண்டியதில்லை. ஆறாம் பிரமாணத்தை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: இரட்சிப்புக்குத் தேவையானது எல்லாம் வேதத்தில் இருக்கிறது, அதில் இல்லாததை விசுவாசிக்கும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. மடலில் யாராவது ஒரு கனவையோ தரிசனத்தையோ போடச் சொல்லி வற்புறுத்தும்போது இந்தப் பிரமாணம் உங்களுக்குத் துணை நிற்கும்.

இரண்டாம் படி: திருச்சபை வருடத்தை மேசையில் ஒட்டுங்கள்

திருச்சபை வருடம் ஜனவரியில் தொடங்குவதில்லை. கிறிஸ்து பிறப்புக்கு முந்திய நான்காம் ஞாயிறு, அட்வெந்து முதல் ஞாயிறுதான் அதன் புத்தாண்டு. பிறகு கிறிஸ்து பிறப்பு, பிரசன்னத் திருநாள், ஞாயிறுகளை விட்டு எண்ணினால் நாற்பது நாள் வரும் லெந்து என்னும் தவக்காலம், உயிர்த்தெழுதல், பெந்தெகொஸ்தே, திரித்துவ ஞாயிறு. அதற்குப் பின் வரும் நீண்ட மாதங்களில் பண்டிகை அதிகம் இராது. மடல்கள் வாடிப்போவதும் அந்த மாதங்களில்தான். சாட்சிகளையும், வீட்டில் முடங்கியிருக்கிறவர்களைப் பற்றிய பகுதியையும் அப்போதைக்கென்று எடுத்துவையுங்கள். திடப்படுத்தல் ஆராதனை, ஞானஸ்நானம், உதவி ஆயர் அபிஷேகம் போன்றவற்றின் தேதியை ஆயரிடம் முன்கூட்டியே கேட்டுக் குறித்துக்கொண்டால் கடைசி நேர ஓட்டம் இல்லை.

மூன்றாம் படி: செய்தி சேகரிக்க வெளியே போங்கள்

"செய்தி இருந்தால் அனுப்பிவையுங்கள்" என்று அறிவிப்புக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால், எப்போதும் எழுதுகிற அதே மூன்று பேர்தான் எழுதுவார்கள். செய்தி உள்ளவர்கள் பெரும்பாலும் எழுத மாட்டார்கள். ஆலயத்தைக் காலையில் திறந்து விளக்குப் போடுகிறவர், ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்திருக்கும் அக்கா, ஆராதனைக்குப் பின் நாற்காலிகளை அடுக்குகிற வாலிபர்: இவர்களிடம் போங்கள். யார் புதிதாக வந்தார்கள், யார் மூன்று வாரமாக வரவில்லை, யார் பின்வரிசையில் உட்கார்ந்து அழுதார்கள் என்று இவர்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி கேட்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு வேதபாடக் குழுத் தலைவரிடம் "குழு எப்படிப் போகுது அண்ணே?" என்று கேட்டேன். "கர்த்தருடைய கிருபையால நல்லா போகுது தம்பி" என்றார். அவர் மனதார அப்படிச் சொன்னார். ஆனால் அதை வைத்து ஒரு வரியும் எழுத முடியாது. பிறகு வேறு மாதிரிக் கேட்டேன்.

"போன செவ்வாய்க்கிழமை யார் யார் வந்தாங்க?"

"ஆறு பேர். வழக்கமா எட்டு."

"எந்தப் பகுதி படிச்சீங்க?"

"லூக்கா பதினஞ்சு. மூத்த மகன் பகுதி." கொஞ்சம் நிறுத்தினார். "அன்னைக்கு ஒருத்தர் வாசிக்கும்போதே நிறுத்திட்டார். 'நான் வீட்டுக்குள்ளேயே இருந்து தொலைஞ்சு போனவன்'னு சொன்னார். அப்புறம் யாரும் பேசல. ஜெபம் பண்ணிட்டுக் கிளம்பிட்டோம்."

இரண்டு கேள்வியில் வந்துவிட்டது. எந்த நாள், எத்தனை பேர், எந்த வேதப்பகுதி, யார் என்ன சொன்னார். இந்த நான்கையும் கேட்காமல் எந்த ஊழியச் செய்தியையும் எழுத உட்காராதீர்கள்.

செய்தி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்த மரபிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1799 ஏப்ரலில் லண்டனில் தொடங்கிய சர்ச் மிஷனரி சங்கத்துக்கு ஆரம்ப வருடங்களில் இங்கிலாந்திலிருந்து போக ஆள் கிடைக்கவில்லை. 1804-இல் அவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிய முதல் இருவரும் ஜெர்மானிய லூத்தரன்கள். 1813-இல் சங்கத்தின் செயலர் ஜோசையா பிராட் 'மிஷனரி ரெஜிஸ்டர்' என்ற மாத இதழைத் தொடங்கினார். தொலைவில் உள்ள ஊழியர்களின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் அதில் வெளிவந்தன. வாரம் ஒரு பென்னி கொடுக்கிற சாதாரண சபையார் முகம் தெரியாத ஊழியர்களுக்காக ஜெபிக்கக் கற்றுக்கொண்டது இப்படிப்பட்ட இதழ்களை வாசித்துத்தான். நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு அவ்வளவு பழைய வரலாறு உண்டு.

நான்காம் படி: அனுமதி. இந்தப் பகுதியை இரண்டு முறை வாசியுங்கள்

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். என் இரண்டாவது வருடத்தில் ஒரு சகோதரியின் அறுவைச் சிகிச்சைக்காக ஜெபக் குறிப்புப் போட்டேன். ஜெபக்கூட்டத்தில் அவர் சொன்னதை நானே கேட்டிருந்தேன், அதனால் போடலாம் என்று நினைத்தேன். வெளியூரில் படித்துக்கொண்டிருந்த அவருடைய மகளுக்கு அதுவரை விஷயம் தெரியாது. யாரோ மடலைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். தன் அம்மாவுக்கு என்ன நோய் என்று அந்தப் பெண் கைப்பேசியில் வாசித்துத் தெரிந்துகொண்டாள். நான் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்தச் சகோதரி மன்னித்தார். அந்த மகள் வெகுநாள் என்னோடு பேசவில்லை. அதில் நியாயம் இருந்தது.

அன்றிலிருந்து நான் வைத்திருக்கும் பழக்கங்கள் இவை.

நோய், கர்ப்பம், வேலையிழப்பு, குடும்பப் பிரச்சினை எதுவானாலும் சம்பந்தப்பட்டவரிடமே கேட்பேன். கணவரிடம் கேட்டால் மனைவியிடம் கேட்டதாகாது. எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டி, "இது அப்படியே போகலாமா?" என்று கேட்பேன். ஜெபக்கூட்டத்தில் சொன்னது ஜெபக்கூட்டத்துக்கு. மடல் வேறு.

பிள்ளைகளின் படத்துக்குப் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். படத்தின் கீழே பிள்ளையின் முழுப் பெயர் போடக் கூடாது.

கிறிஸ்தவர்கள் ஒடுக்கப்படுகிற இடங்களில் ஊழியம் செய்கிறவர்களைப் பற்றி எழுதும்போது மிகமிகக் கவனம் தேவை. பெயர், ஊர், சங்கத்தின் பெயர், முகம் தெரியும் படம் எதுவும் வேண்டாம். அங்கே சமீபத்தில் விசுவாசத்துக்கு வந்தவர்களைப் பற்றிச் சின்ன அடையாளம்கூட வேண்டாம். "ஒரு மருத்துவர்", "மூன்று பிள்ளைகளின் தாய்" என்பதே சில ஊர்களில் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அவர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சலிலும் ஊழியம், மிஷனரி போன்ற சொற்களைத் தவிர்க்கச் சொல்லும் சங்கங்கள் உண்டு. அந்தந்தச் சங்கத்திடம் விதிமுறை கேட்டு அதன்படியே செய்யுங்கள். அச்சிட்ட மடல் சபைக்குள்ளேயே நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம். பிடிஎஃப் ஆகி வாட்ஸ்அப்பில் ஏறிவிட்டால் அது எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

ஐந்தாம் படி: அலங்காரத்தைக் குறைத்து எழுதுங்கள்

ஒரே செய்தியை இரண்டு விதமாகப் பாருங்கள்.

"கடந்த மாதம் நடைபெற்ற வாலிபர் முகாமில் திரளான வாலிபர்கள் கலந்துகொண்டு மிகுந்த ஆசீர்வாதம் பெற்றனர். கர்த்தர் வல்லமையாய்க் கிரியை செய்தார்."

"வாலிபர் முகாமுக்கு 23 பேர் வந்தார்கள். மூன்று நாளும் யோவான் 4-ஆம் அதிகாரத்தையே வாசித்தோம். இரண்டாம் நாள் இரவு பிளஸ் டூ மாணவர் ஒருவர், 'சின்ன வயசிலிருந்து சபைக்கு வருகிறேன். இயேசு என்னிடமும் தண்ணீர் கேட்பார் என்று இன்றுதான் தோன்றியது' என்றார். அவரும் இன்னும் நான்கு பேரும் இப்போது புதன்கிழமைதோறும் கூடி யோவான் சுவிசேஷத்தைத் தொடர்ந்து வாசிக்கிறார்கள்."

முதலாவதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அதை எந்த வருடத்து, எந்தச் சபையின் மடலிலும் ஒட்டிவிடலாம். இரண்டாவது இந்தச் சபைக்கு, இந்த மாதம் நடந்தது. அதை வாசிக்கிற ஒரு பாட்டி அந்த ஐந்து பேருக்காகப் புதன்கிழமை முழங்கால் போட முடியும்.

எண்களில் நேர்மை வேண்டும். 23 பேர் என்றால் 23 என்றே எழுதுங்கள். "சுமார் 30" என்று ஏற்றாதீர்கள். வந்தவர்கள், ஜெபத்துக்குக் கையுயர்த்தியவர்கள், ஞானஸ்நானம் பெற்றவர்கள், ஒரு வருடம் கழித்தும் சபையில் இருப்பவர்கள் என்று நான்கு வெவ்வேறு எண்கள் உண்டு. அவற்றை ஒன்றாகக் கலக்கக் கூடாது. குறைந்த எண்ணுக்கு வெட்கப்படவும் தேவையில்லை. லூக்கா 15-இல் பரலோகம் மகிழ்ந்தது ஒரே ஒரு பாவி மனந்திரும்பியதற்காகத்தான்.

எளிய நடைக்கு இந்த மரபில் நல்ல முன்னோடி ஒருவர் உண்டு. 1880-இல் லிவர்பூலின் முதல் பேராயரான ஜே. சி. ரைல், தொடக்கத்தில் கிராமத்துச் சபைகளில் ஆயராக இருந்தவர். அங்கே உழைக்கும் மக்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகவே தன் பழைய அலங்கார நடையை விட்டு, குட்டிக் குட்டி வாக்கியங்களில் பேசவும் எழுதவும் தன்னைப் பழக்கிக்கொண்டார். அவருடைய துண்டுப் பிரசுரங்கள் லட்சக்கணக்கில் பரவின. நம் மடலை வாசிக்கப்போவதும் வேலை முடிந்து களைத்து வந்தவர்கள்தான்.

சாட்சிகளை வாங்கும்போது ஒரு சின்ன எச்சரிக்கை. 1930-களில் ருவாண்டாவின் கஹினியிலிருந்து பரவிய கிழக்கு ஆப்பிரிக்க எழுப்புதலில், ஆங்கிலிக்கன் சபைக்குள்ளேயே, விசுவாசிகள் ஒருவருக்கொருவர் தங்கள் பாவத்தை அறிக்கையிட்டார்கள். திருடியதைத் திருப்பிக் கொடுத்தார்கள். பகைத்தவர்களிடம் போய் ஒப்புரவானார்கள். சாட்சி என்றால் அவர்களுக்குச் சிலுவையண்டையில் ஒருவன் தாழ்ந்ததன் கதை. நமக்கு வரும் சாட்சிகளில் பல, வேலை கிடைத்ததும் வீடு கட்டியதுமாக இருக்கின்றன. அவற்றையும் நன்றியோடு போடுங்கள். கூடவே, மன்னிப்புக் கேட்ட கதை ஒன்றையும் தேடிப் போடுங்கள்.

ஆறாம் படி: ஜெபக் குறிப்பை ஜெபிக்கக்கூடியதாக எழுதுங்கள்

"கல்லூரி மாணவர் ஊழியத்துக்காக." இதை வாசிக்கிறவர் என்ன என்று ஜெபிப்பார்? "ஆசீர்வதியும் ஆண்டவரே" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்.

இதற்கு நம் கையிலேயே நல்ல கருவி இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறுக்கும் உரிய சுருக்க ஜெபத்தைக் கவனித்திருப்பீர்கள். 1549-ஆம் வருடத்து ஜெபப் புத்தகத்துக்காக அன்றைய கேன்டர்பரி பேராயர் தாமஸ் கிரான்மர் புதிதாக எழுதியவற்றில் ஒன்று அட்வெந்து இரண்டாம் ஞாயிறுக்கு உரியது. அதைப் பிரித்துப் பாருங்கள். முதலில் தேவனை அழைக்கிறது. பின்பு அவர் என்ன செய்தவர் என்று சொல்கிறது: பரிசுத்த வேதவாக்கியங்களை எல்லாம் எங்கள் போதனைக்காக எழுதுவித்தவர். அதற்குப் பின்தான் வேண்டுதல்: அவற்றை நாங்கள் கேட்கவும், வாசிக்கவும், குறித்துக்கொள்ளவும், கற்கவும், உள்ளத்தில் ஜீரணிக்கவும் அருளும். எதற்காக? நித்திய ஜீவ நம்பிக்கையைப் பற்றிப் பிடித்துக்கொள்வதற்காக. கடைசியில், இயேசு கிறிஸ்துவின் மூலமாய். ஐந்து அங்கம். உங்கள் குறிப்பை அந்த அச்சில் வார்த்தெடுங்கள்:

"பரம பிதாவே, காணாமற்போனதைத் தேடும்படி உமது குமாரனை அனுப்பினவரே, தேர்வு நெருக்கத்தில் வேதபாடத்தைவிட்டு விலகிய நான்கு மாணவர்களை மறுபடியும் கூட்டிச்சேரும், அவர்கள் உமது வார்த்தையில் இளைப்பாறுதலைக் கண்டடையும்படி. இயேசு கிறிஸ்துவின் மூலமாய்க் கேட்கிறோம். ஆமென்."

எல்லாக் குறிப்பையும் இப்படி எழுத இடம் போதாது. இதழுக்கு ஒன்றிரண்டு போதும். மற்றவற்றில் குறைந்தபட்சம் எத்தனை பேர், என்ன தேவை, எந்தத் தேதி என்று மூன்றும் இருக்கட்டும். முக்கியமாக, போன மாதக் குறிப்புக்கு என்ன ஆயிற்று என்று இந்த மாதம் எழுதுங்கள். பதில் வராமல் போனதையும் எழுதுங்கள்: "இன்னும் வேலை கிடைக்கவில்லை, தொடர்ந்து ஜெபிக்கக் கேட்கிறார்."

ஏழாம் படி: துக்கச் செய்தியும் கசப்பான செய்தியும்

ஆசியாவில் எங்களுக்கு நேர்ந்த உபத்திரவம் உங்களுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார்; பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனதாகவும் எழுதினார். அப்போஸ்தலன் அப்படி எழுதலாம் என்றால், ஞாயிறு பள்ளியில் ஆசிரியர் இல்லாமல் ஒரு வகுப்பு மூடப்பட்டதை நாமும் எழுதலாம். குறையை மறைக்கும் மடலை இரண்டு வருடத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். பிறகு அதில் வரும் நல்ல செய்தியையும் நம்ப மாட்டார்கள்.

மரணச் செய்தியில் அவசரம் வேண்டாம். குடும்பம் சரிபார்த்த பெயர், வயது, சபையோடு அவருக்கிருந்த உறவு, அவரைப் பற்றி நினைவில் நிற்கும் ஒரு காரியம். இவ்வளவு போதும்.

சபைக்குள் சண்டை என்றால் மடல் யார் பக்கமும் ஆயுதமாகக் கூடாது. ஆனால் ஒரு பிள்ளைக்கோ பலவீனமான ஒருவருக்கோ தீங்கு நடந்ததாக உங்கள் காதுக்கு வந்தால், அது வேறு விஷயம். அதை மடலில் எழுதவும் கூடாது, சபையின் பெயர் கெடும் என்று மூடி வைக்கவும் கூடாது. திருமண்டலத்தில் அதற்கென்று நியமிக்கப்பட்டவரிடமும், சட்டப்படி யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடமும் அன்றைக்கே சொல்லுங்கள். குற்றம்சாட்டப்பட்டவரின் ஊழியத்தைப் புகழ்ந்து அந்த மாதம் ஒரு வரியும் வெளிவராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாதிக்கப்பட்டவரும் அந்த மடலை வாசிப்பார்.

எட்டாம் படி: உலகளாவிய திருச்சபைச் செய்தியைக் கையாளும் விதம்

ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் 40-க்கும் மேற்பட்ட தன்னாட்சித் திருச்சபைகள் இருக்கின்றன. கேன்டர்பரி பேராயருக்கு மரியாதையில் முதல் இடம் உண்டு; மற்றத் திருச்சபைகள்மேல் போப்புக்கு உள்ளதைப்போன்ற அதிகாரம் கிடையாது. இது தெரியாததால், "ஆங்கிலிக்கன் சபை இப்படி முடிவெடுத்துவிட்டது" என்று பலர் எழுதிவிடுகிறார்கள். முடிவெடுத்தது எந்தத் திருச்சபை, எந்த மன்றம், எந்தத் தேதி என்று மூன்றையும் எழுதாமல் அப்படிப்பட்ட செய்தியைப் போடாதீர்கள்.

திருமணம், பாலுறவு பற்றிய கருத்து வேறுபாட்டைத் தவிர்த்து இன்றைய செய்திகளைப் புரிந்துகொள்ள முடியாது. உலக ஆங்கிலிக்கன் பேராயர்கள் கூடிய 1998 லாம்பெத் மாநாட்டின் 1.10 தீர்மானம், 2008-இல் எருசலேமில் கூடிய காஃப்கான் (பழைய போதனையில் உறுதியாக நிற்கும் ஆங்கிலிக்கர்களின் இயக்கம்) மாநாடும் அதன் 14 அம்ச எருசலேம் பிரகடனமும், இங்கிலாந்துத் திருச்சபையின் பொது மன்றம் ஒரே பாலினத் தம்பதியருக்கான ஆசீர்வாத ஜெபங்களை 2023 பிப்ரவரியில் வரவேற்றது, அதே வருடம் ஏப்ரலில் ருவாண்டாவின் கிகாலியில் காஃப்கான் வெளியிட்ட அறிக்கை: இந்த நான்கு ஆவணங்களையும் மூலத்திலேயே வாசித்துவிடுங்கள். ஒவ்வொன்றும் சில பக்கங்கள்தான். தலைப்புச் செய்தியைப் பகிர்வதற்கும் ஆவணத்தை வாசித்துவிட்டு எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும்.

வேதத்தின் அதிகாரத்தில் ஒன்றாக நிற்பவர்களே, என்ன செய்ய வேண்டும் என்பதில் பிரிவதும் உண்டு. 1966 அக்டோபரில் லண்டனில் ஒரு கூட்டத்தில், பலவித போதனைகள் கலந்திருக்கும் திருச்சபைகளைவிட்டு வெளியே வாருங்கள் என்ற பொருளில், ஆங்கிலிக்கன் அல்லாத போதகர் மார்ட்டின் லாய்ட் ஜோன்ஸ் அழைப்பு விடுத்தார். தலைமை வகித்த ஆங்கிலிக்கன் ஆயர் ஜான் ஸ்டாட் மேடையிலேயே மறுத்துப் பேசினார். இருவருமே வேதத்துக்கு உண்மையாயிருக்கத் துடித்தவர்கள். இப்படிப்பட்ட பிரிவைப் பற்றி எழுதும்போது எதிர்ப்பக்கத்தார் வாசித்தாலும் "ஆம், நாங்கள் சொன்னது இதுதான்" என்று ஒப்புக்கொள்ளும்படி எழுதுங்கள். சம்மதிக்க வேண்டும் என்பதில்லை.

விவாதச் செய்தி மட்டுமே உலகச் செய்தியாகிவிடவும் கூடாது. உகாண்டாவின் பேராயர் ஜனானி லுவும் (Janani Luwum) 1977 பிப்ரவரியில் இடி அமீன் ஆட்சியில் கொல்லப்பட்டார் என்பதை உங்கள் வாலிபர்கள் அறிவார்களா? பிப்ரவரி இதழில் அரைப் பக்கம் கொடுங்கள். கூட்டுறவு வைத்திருக்கும் சபையிலிருந்து கடிதம் வந்தால், அவர்களுடைய தேவைப் பட்டியலை மட்டும் எடுத்துப் போடாதீர்கள். அவர்கள் நமக்குக் கற்றுத்தந்ததையும் போடுங்கள். 1910 எடின்பரோ மிஷனரி மாநாட்டில், பின்னாளில் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரான வி. எஸ். அசரியா, மேலைநாட்டு ஊழியர்களின் தியாகத்தை நன்றியோடு சொல்லிவிட்டு, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்றைக்கும் ஒவ்வொரு கூட்டுறவுக் கடிதத்துக்குள்ளும் இருக்கிறது.

கடைசிப் படி: வெளியிடுவதும் கொண்டுபோய்க் கொடுப்பதும்

செவ்வாய்க்குள் எழுதி முடியுங்கள். புதன்கிழமை வாய்விட்டு வாசியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். பெயர்களையும் தேதிகளையும் இன்னொருவர் சரிபார்க்கட்டும். வியாழக்கிழமை ஆயர் பார்க்கட்டும். அவர் ஒன்றை எடுத்துவிடச் சொன்னால் காரணம் கேளுங்கள். நமக்குத் தெரியாத ஒரு கண்ணீர் அதன் பின்னால் இருக்கலாம். சில பிரதிகளைப் பெரிய எழுத்தில் அச்சிட மறக்காதீர்கள்.

ஞாயிறு மாலை ஒரு பிரதியை நீங்களே எடுத்துக்கொண்டு, ஆலயத்துக்கு வர முடியாத ஒருவர் வீட்டுக்குப் போங்கள். நான் போகும் வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். கண் சரியாகத் தெரியாது. கட்டிலோரம் உட்கார்ந்து முழு மடலையும் வாசிப்பேன். ஒவ்வொரு பெயர் வரும்போதும் "இவன் யாரு மகன்?" என்று கேட்பார். நான் சொல்வேன். விரலை மடக்கி எண்ணிக்கொள்வார். வாசித்து முடிந்ததும் அந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, பெயர் சொல்லி ஜெபிப்பார். நான் எழுத மறந்த பெயர்களும் அதில் வரும்.

பேனா எடுத்துப் போங்கள். அந்தப் பெயர்களைக் குறித்துக்கொண்டு வந்து, திங்கட்கிழமை அவர்களிடம் போய்ப் பேசுங்கள். அடுத்த இதழ் அங்கிருந்து தொடங்கும்.